வீடியோ கேமுக்கும் விமர்சனம் வேண்டும்

முன்னுரை

நாவல் ஒன்றை வாசித்தால் அதற்கு விமர்சனம் எழுதுகிறோம். நாடகம் பார்த்தால் கதை, பாத்திரம், உரையாடல் என்று பிரித்துப் பேசுகிறோம். ஆனால் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எங்கள் ஊர்களில் பிள்ளைகள் மிக அதிக நேரம் செலவிடும் ஒரு படைப்பு வடிவத்தைப் பற்றி எங்களிடம் இரண்டே இரண்டு விமர்சனங்கள்தான் இருக்கின்றன. ஒன்று பிள்ளைகளுடையது: "சூப்பர் கேம்!" மற்றது பெற்றோருடையது: "போனுக்குள்ளயே கிடந்து பாழாப் போறான்."

இரண்டு பேரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் "கேம்" என்ற ஒரு சொல்லுக்குள் ஒன்றோடொன்று தொடர்பேயில்லாத பல வகைகள் அடங்கியிருக்கின்றன. "புத்தகம் நல்லதா, கெட்டதா?" என்று கேட்டால் "எந்தப் புத்தகம்?" என்று திருப்பிக் கேட்போம். அதே கேள்வியைக் கேம் விடயத்திலும் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அளவுகோல்: முதல், கரு, உரி

விமர்சனம் செய்ய ஓர் அளவுகோல் தேவை. அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. உயர்தர தமிழ் மாணவிகளுக்கு நன்கு பழக்கமான தொல்காப்பியம் அகப்பாடலை மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்திலுள்ள உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள். அங்கு நிகழும் மன ஒழுக்கம் உரிப்பொருள். நெய்தல் நிலத்து மக்களாகிய நாங்கள் இரங்கல் எங்கள் உரிப்பொருள் என்று படித்திருக்கிறோம்.

ஒரு கேமையும் இப்படிப் பார்க்கலாம். அது எந்த நிலத்தில், எந்தக் காலத்தில் நடக்கிறது? அங்கே யார், எவை இருக்கின்றன? விளையாடுபவரை எதைச் செய்ய வைத்து, எதற்குப் புள்ளி கொடுக்கிறது? தொல்காப்பியர் காலத்தில் தேவைப்படாத நான்காவது கேள்வி ஒன்றையும் சேர்க்கிறேன்: அதைச் செய்த நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது?

1. புதிர் வகை

1984 இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ் இவ்வகைக்கு நல்ல உதாரணம். மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்க வேண்டும். நிலமும் இல்லை, பாத்திரமும் இல்லை. உரிப்பொருள் மட்டுமே உண்டு. ஒழுங்குபடுத்தும் நிம்மதியும், இடம் முடியப்போகிறதே என்ற பதற்றமும்தான் அது.

இதில் வெற்றி என்ற முடிவு கிடையாது; தோற்கும் வரை கட்டைகள் விழுந்துகொண்டேயிருக்கும். "இன்னும் ஒரு தரம்" என்று சொல்ல வைப்பது இந்த அமைப்புத்தான். இன்று போனில் கிடைக்கும் புதிர் கேம்கள் பல இதே உத்தியோடு விளம்பரத்தையும் சேர்த்துவிட்டன. புதிர் வகை மூளைக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடாமல், அது எங்கே நிற்கச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

2. விளையாட்டு வகை

எங்கள் ஊர்களில் கணினி வந்த வீடுகளிலெல்லாம் ஒருகாலம் இருந்தது 2006 இல் வெளிவந்த ஈஏ ஸ்போர்ட்ஸின் கிரிக்கெட் 07. போனில் வந்தது சென்னையின் நெக்ஸ்ட்வேவ் மல்ட்டிமீடியா நிறுவனத்தின் வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப். இவற்றால் நன்மை இருக்கிறது. களத்தடுப்பாளரை எங்கே நிறுத்துவது, எந்த ஓவரில் யாருக்குப் பந்து கொடுப்பது என்பதையெல்லாம் மைதானத்துக்கே போக வாய்ப்பில்லாத ஒரு பெண் பிள்ளையும் இதில் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் கருப்பொருளைப் பார்த்தால் ஒரு குறை தெரிகிறது. கிரிக்கெட் 07 இல் பெண்கள் அணி இல்லை. உலகமெங்கும் விற்ற ஃபிஃபா கால்பந்துக் கேமில் பெண்கள் அணிகள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 2015 இல் வந்த ஃபிஃபா 16 இல்தான். 2024 ஜூலையில் தம்புள்ளையில் இந்தியாவைத் தோற்கடித்து ஆசியக் கிண்ணத்தை வென்றவர்கள் சமரி அத்தபத்து தலைமையிலான இலங்கைப் பெண்கள். அந்த வெற்றியைப் பார்த்த தலைமுறைக்கு, ஆண்கள் மட்டுமே ஓடும் மைதானம் அரைகுறையான மைதானமாகவே தோன்றும்.

3. சுடும் வகை

அதிக சண்டை நடப்பது இதைப் பற்றித்தான். வீட்டுக்குள்ளும்தான்!

2017 இல் கணினிக்கும் 2018 இல் போனுக்கும் வந்த பப்ஜியில் நூறு பேர் ஒரு தீவில் இறங்குகிறார்கள். கடைசியில் மிஞ்சுபவர் வெல்கிறார். நான்கு பேர் அணியாக ஆடும்போது திட்டமிடல், தகவல் பரிமாற்றம், காயப்பட்ட நண்பனைத் தூக்கிவிடுதல் ஆகிய திறமைகள் தேவைப்படுகின்றன. பையன்கள் இதை நட்புக்கான இடமாகப் பார்ப்பதில் பொய் இல்லை.

முதற்பொருளைக் கவனியுங்கள். தீவு முழுக்க வீடுகள், பாடசாலை, வைத்தியசாலை இருக்கின்றன. ஆனால் குடியிருப்பவர் ஒருவரும் இல்லை. வீடு என்பது துப்பாக்கி பொறுக்கும் இடம். அவ்வீட்டின் கதவைப் பூட்டிவிட்டு ஓடிய உம்மா யார், அவர் எங்கே போனார் என்று கேம் கேட்பதேயில்லை. யுத்தத்திலும் சுனாமியிலும் வெறுமையான வீடுகளைப் பார்த்த ஒரு பிரதேசத்தின் பிள்ளைகள், ஆளில்லாத வீட்டைப் பார்த்து மகிழ்ச்சி மட்டும் அடையப் பழகுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை இவ்வகையின் மீதான மிகக் கடுமையான விமர்சனம் இதுதான். "துப்பாக்கி பிடித்தால் பிள்ளை கொலைகாரனாவான்" என்பதை நான் ஏற்கவில்லை. இழப்பு இல்லாத யுத்தம் ஒன்று இருக்கிறது என்று அவன் நம்பிவிடக்கூடும் என்பதே என் கவலை.

இரண்டாவது விமர்சனம், எதிரி யார் என்பது. செக் நாட்டு ஆய்வாளர் வீட் ஷிஸ்லர் 2008 இல் வெளியிட்ட கட்டுரையில், மேற்கத்தேயக் கேம்களில் அராபியரும் முஸ்லிம்களும் பெரும்பாலும் பெயரும் முகமும் இல்லாத எதிரிகளாகவே காட்டப்படுவதை எடுத்துரைத்தார். எங்கள் சகோதரர்கள் தம்மைப் போன்ற பெயருடையவர்களையே சுட்டுப் புள்ளி எடுக்கிறார்கள் என்பதை ஒரு கணம் யோசிக்க வேண்டும். விமர்சித்தால் பலன் கிடைப்பதும் உண்டு. 2021 நவம்பரில் கோல் ஒஃப் டியூட்டி: வேன்கார்ட் கேமில் குர்ஆன் பக்கங்கள் தரையில் சிதறிக் கிடப்பதுபோல் ஒரு காட்சி இருந்தது. முஸ்லிம் விளையாட்டாளர்கள் அதைச் சுட்டிக்காட்டியதும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அக்காட்சியை நீக்கியது. கண் திறந்து விளையாடியவர்களால்தான் அது நடந்தது.

4. அதே யுத்தம், வேறு பார்வை

போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014 இல் வெளியிட்ட 'திஸ் வோர் ஒஃப் மைன்' என்ற கேமிலும் யுத்தம் இருக்கிறது. 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ முற்றுகை அதற்குத் தூண்டுதல். ஆனால் விளையாடுபவர் படைவீரர் அல்லர். இடிந்த வீட்டில் ஒளிந்திருக்கும் சாதாரண மக்கள். உணவு, மருந்து, அடுப்புக்கு விறகு தேட வேண்டும். முதியவர் வீட்டில் மருந்தைத் திருடினால் உயிர் தப்பலாம். ஆனால் திருடிய பாத்திரம் மனமுடைந்து போகும்.

இங்கே உரிப்பொருள் இரங்கல். நெய்தல் கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2020 இல் போலந்து அரசு இதை உயர் வகுப்பு மாணவர்களுக்கான விருப்பப் பட்டியலில் சேர்த்தது. ஒரு நாடு தன் இலக்கியப் பட்டியலுக்கு அருகில் ஒரு கேமை வைத்திருக்கிறது என்பது எங்களைப் போன்ற இலக்கிய மாணவிகள் கவனிக்க வேண்டிய செய்தி.

5. கட்டியெழுப்பும் வகை

மைன்கிராஃப்டில் சதுரக் கட்டிகளால் வீடு, பாலம், ஊர் எல்லாம் கட்டலாம். 30 கோடிக்கும் அதிகமாக விற்ற கேம் இது. ஐக்கிய நாடுகளின் ஹபிடாட் அமைப்பு 2012 முதல் இதைப் பயன்படுத்தி, பொது இடங்கள் எப்படி அமைய வேண்டும் என்று அவ்விடத்து மக்களையே வரைந்து காட்டச் செய்கிறது.

இன்னொன்று எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஐ.நா.வின் அனர்த்தத் தணிப்பு அமைப்பு 2007 இல் 'ஸ்டொப் டிசாஸ்டர்ஸ்' என்ற கேமை வெளியிட்டது. அதில் ஒரு பகுதி சுனாமி. கையில் குறிப்பிட்ட பணமும் நேரமும் தரப்படும். கரையோரக் கிராமத்தில் எங்கே வீடு கட்டுவது, எங்கே மரம் வைப்பது, முன்னெச்சரிக்கைக்கு எவ்வளவு செலவிடுவது என்று தீர்மானிக்க வேண்டும். பிறகு அலை வரும். 2004 டிசம்பர் 26 இல் எங்கள் கரையில் நடந்ததை நாங்கள் பிறந்து பார்க்கவில்லை. வாப்பா, உம்மா சொல்லித்தான் தெரியும். இவ்வகைக் கேமின் குறை, மனிதர்கள் வெறும் எண்ணிக்கையாகத் தெரிவது. அதன் பெறுமதி, கடலை எப்படி எதிர்பார்த்திருப்பது என்று கற்றுத்தருவது.

6. கதை வகை: வெண்பா

தமிழைப் பற்றியே ஒரு கேம் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? கனடாவின் டொரன்டோ நகரைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 இல் வெளியிட்ட 'வெண்பா' அது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பாவும் அவள் கணவன் பாவலனும் மகன் கவினை வளர்க்கிறார்கள். அம்மாவின் சமையல் குறிப்பேடு சேதமடைந்து கிடக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்துச் சமைப்பதுதான் விளையாட்டு. இட்லி, புட்டு, பிரியாணி எல்லாம் உண்டு. மாவையும் தேங்காய்ப்பூவையும் குழலில் எந்த ஒழுங்கில் போடுவது என்பது உலகத்துக்குப் புதிராக இருக்கலாம். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அது காலைச் சாப்பாடு!

பெயர் வெண்பா, பாவலன். யாப்புப் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் உள்ளடக்கம் சிரிப்புக்குரியதல்ல. மகன் வளர வளரத் தமிழ் அவனிடமிருந்து விலகுகிறது. பிற்பகுதியில் அவனே அக்குறிப்பேட்டைத் திறக்கும்போது எழுத்தை வாசிக்கத் தடுமாறுகிறான். 2024 இல் பிரித்தானிய பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் கேம் என்ற விருது இதற்குக் கிடைத்தது. குறையும் உண்டு: இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும், விளையாடுபவரின் முடிவுகளால் கதை பெரிதாக மாறாது. நாவலை எதிர்பார்த்தவருக்குச் சிறுகதை கிடைத்தது போலிருக்கும். சிறுகதையும் இலக்கியம்தானே.

நான்காவது கேள்வி: பணம்

இலவசம் என்று இறக்கும் கேம்கள் பல உள்ளே கடை வைத்திருக்கின்றன. அதில் ஆபத்தானது "அதிர்ஷ்டப் பெட்டி". உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே பணம் கொடுத்துத் திறக்க வேண்டும். பணம் கொடுத்து வாங்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று பெல்ஜியம் 2018 இல் தீர்மானித்தது. சூது ஹராம் என்று சிறுவயதிலிருந்தே படிக்கும் எங்கள் தம்பிமார், ரீலோட் காசில் செய்வதும் அதன் சாயல்தான் என்று அறியாமலிருக்கிறார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஏசும் பெற்றோர் இந்தச் சத்தமில்லாத பகுதியைக் கவனிப்பதில்லை.

தடை செய்தால் சரியா?

"இந்தியாவிலேயே தடை செய்துவிட்டார்கள்" என்று பலர் சொல்வதுண்டு. 2020 செப்டெம்பரில் இந்தியா பப்ஜி உட்பட 118 செயலிகளைத் தடை செய்தது உண்மை. ஆனால் சொல்லப்பட்ட காரணம் நாட்டின் பாதுகாப்பும் தரவுகளும், பிள்ளைகளின் படிப்பல்ல. அடுத்த ஆண்டே அதே கேம் வேறு பெயரில் அங்கு வந்தது. சீனா 2021 இல், 18 வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே இணையக் கேம் விளையாடலாம் என்று கட்டுப்படுத்தியது.

உலக சுகாதார நிறுவனமும் கேம் பழக்கக் கோளாறை 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில் சேர்த்திருக்கிறது. அதன் அடையாளங்கள் தெளிவானவை: எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றையும்விட கேம் முக்கியமாதல், பாதிப்பு வந்த பின்னும் தொடர்தல். இது பொதுவாக 12 மாதங்களாவது நீடித்து, படிப்பையோ குடும்ப வாழ்வையோ கடுமையாகப் பாதித்திருக்க வேண்டும். பரீட்சை முடிந்த விடுமுறையில் இரண்டு வாரம் விளையாடும் பிள்ளைக்கு நோயாளி என்று பெயர் வைக்கத் தேவையில்லை. ஒரு வருடமாகத் தூக்கமும் தொழுகையும் படிப்பும் குலைந்த பிள்ளையை ஏசி மட்டும் திருத்தவும் முடியாது. அவனுக்கு வைத்திய உதவி வேண்டும்.

முடிவுரை

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். போனைப் பறிப்பதற்கு முன் பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து பாருங்கள். எந்த வகை, எந்த வயதுக்கு, எதற்குப் புள்ளி, எங்கே பணம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். செயலியை இறக்கும் பக்கத்திலேயே வயதுக் குறியீடு இருக்கிறது. கேம் தெரிந்த உம்மாவின் "வேணாம்" என்ற சொல்லுக்கு, கேம் தெரியாத உம்மாவின் "வேணாம்" என்ற சொல்லைவிட நிறை அதிகம்.

மாணவிகளிடமும் ஒன்று. வகுப்பறைச் சுவர்ப் பத்திரிகைகளில் நூல் விமர்சனத்துக்கு ஒரு மூலை இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒவ்வொரு மாதமும் ஒரு கேமுக்கு அரைப் பக்கம் ஒதுக்குவோம். முதல், கரு, உரி, பணம் என்ற நான்கு தலைப்பும் போதும். விளையாடுபவர்கள் பெரும்பாலும் தம்பிமாரும் நானாமாரும் என்றாலும், எழுதுபவர்கள் நாங்களாக இருக்கலாம். கணினி படிக்கும் தோழிகள் அதற்கு மேலும் ஒரு படி போகலாம். கிளித்தட்டையும் எங்கள் கடற்கரையையும் தெரிந்தவர்கள் செய்யும் கேம் ஒன்றுக்கு விமர்சனம் எழுத, இந்தச் சஞ்சிகை இடம் வைத்திருக்கும் என்று நம்புகிறேன்.