ஒரு சில்லு மட்டும் ஏன் தேய்கிறது?

மன்னார்த் தீவைப் பெருநிலத்துடன் இணைக்கும் தாம்போதி ஏறக்குறைய 3 கிலோமீற்றர் நீளமானது. இருபுறமும் கடல். 1990இல் தகர்க்கப்பட்ட பாலத்துக்குப் பதிலாக 2010இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. பாதை நல்ல பாதைதான். ஆனால் அதில் போகும்போது பிறேக்கை மிதித்ததும் கார் ஒரு பக்கம் இழுத்தால் என்ன செய்வோம்? இப்பாடம் அதைப் பற்றியதே.

எமக்குத் தெரிந்த விவசாயக் குடும்பம் ஒன்று. இடம்பெயர்ந்து போகும்போது தமது மொறிஸ் மைனர் காரை மரத்தடியில் விட்டுச் சென்றார்கள். பல ஆண்டுகளின் பின் திரும்பி வந்து, அதைத் திருத்தி ஓட்டத் தொடங்கினார்கள். ஒரே வருடத்தில் இடது முன்சில்லின் பிறேக் லைனர் மூன்று முறை தேய்ந்து போயிற்று. மூன்று முறையும் புதிது போட்டார்கள். மூன்றாம் முறை செலவானது விதைநெல்லுக்கென வைத்திருந்த பணம். பிறகுதான் தெரிந்தது, பழுது இடது சில்லில் இல்லை, வலது சில்லில் என்று. வலது சில்லின் சிலிண்டர்கள் துருப்பிடித்து இறுகியிருந்தன. அது செய்யாத வேலையை இடது சில்லு சேர்த்துச் செய்தது.

ஆகவே நாம் முதலில் மனதிற் கொள்ள வேண்டியது இது: தேய்ந்த லைனர் நோய் அல்ல, நோயின் அடையாளம். காரணத்தைக் காணாமல் லைனரை மாற்றினால் பணமும் போகும், ஆபத்தும் நீங்காது.

எது இயல்பு, எது பழுது?

பிறேக் பிடிக்கும்போது வாகனத்தின் பாரம் முன்னே சாய்கிறது. ஆகையால் முன்சில்லுகள் பின்சில்லுகளைவிட விரைவாகத் தேய்வது இயல்பு. ஒரே சிலிண்டரால் இயங்கும் பின் ட்றம் பிறேக்கில், சில்லு சுழலும் திசையில் இழுபடும் முன்சூ, பின்சூவைவிடக் கூடுதலாகத் தேய்வதும் பெரும்பாலும் இயல்பே. மொறிஸ் மைனரின் முன்சில்லில் இரு சூக்களுக்கும் தனித்தனிச் சிலிண்டர் உண்டு. அங்கே இரண்டும் சமமாகத் தேய வேண்டும்.

ஆனால் ஒரே அச்சின் இடது சில்லும் வலது சில்லும் வேறுபட்டுத் தேய்ந்தால் அது பழுது.

நாமே செய்யக்கூடிய சோதனைகள்

1. சமதரையான, ஆளில்லாத வீதியில் மெதுவாக ஓட்டிப் பிறேக்கை மிதியுங்கள். கார் எந்தப் பக்கம் இழுக்கிறதோ, அந்தப் பக்கம் கூடுதலாகப் பிடிக்கிறது. அல்லது மறுபக்கம் பிடிக்கவில்லை.

2. பிறேக்கை இயன்றவரை மிதிக்காமல் சில கிலோமீற்றர் ஓட்டி, தானாக நிற்க விடுங்கள். ஒவ்வொரு சில்லுக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு சில்லு மட்டும் சூடாக இருந்தால் அது விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது.

3. மற்றச் சில்லுகளுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜக்கால் உயர்த்தி, உறுதியான மரக்குற்றி கொடுங்கள். ஜக்கை மட்டும் நம்பி எவரும் காருக்குக் கீழே போக வேண்டாம். ஒருவர் பிறேக்கை மிதிக்க, மற்றவர் சில்லைக் கையாற் சுழற்றிப் பார்க்கட்டும். மிதித்தும் சுழன்றால் அச்சில்லு வேலை செய்யவில்லை. விட்ட பின்னும் சுழலாவிட்டால் அது உரசுகிறது. நாம் சொன்ன குடும்பத்தின் கார் இச்சோதனையில்தான் பிடிபட்டது.

4. உரசும் சில்லின் காற்று எடுக்கும் நிப்பிளைச் சற்றுத் தளர்த்துங்கள். சிறிது ஒயில் வந்து சில்லு விடுபட்டால், அழுத்தம் உள்ளே அடைபட்டிருக்கிறது. றப்பர் குழாய் உட்புறமாக அடைத்திருக்கலாம், அல்லது மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். விடுபடாவிட்டால் இறுகிய சிலிண்டர், உடைந்த ஸ்பிறிங், அளவுக்கு மிஞ்சி இறுக்கிய சூ ஆகியவற்றைப் பாருங்கள். பின்சில்லாயின் கைப்பிறேக் கேபிளையும் பாருங்கள். சோதனை முடிந்ததும் நிப்பிளை இறுக்கி, காற்று எடுத்து, ஒயிலின் அளவைச் சரிசெய்யுங்கள்.

டிஸ்க் பிறேக் உள்ள வாகனங்களில் உட்பாட் மட்டும் தேய்ந்திருந்தால் பிஸ்டன் இறுகியிருக்கலாம், அல்லது கலிப்பர் நகராமல் இருக்கலாம். வெளிப்பாட் மட்டும் தேய்ந்திருந்தால் கலிப்பரின் நகரும் ஊசிகளைத் துப்புரவாக்கிப் பாருங்கள்.

எமது கரையோரத்தின் இடர்கள்

உப்புக் காற்று சிலிண்டரையும் கேபிளையும் துருப்பிடிக்கச் செய்யும். ட்றம்மினுள் புகும் மணல் கோடு கோடாகக் கீறும். நீண்ட காலம் நிறுத்திவைத்த வாகனத்தில் இவ்விரண்டும் கூடும். நிறுத்தும்போது கைப்பிறேக்கை இழுத்துவிட்டு மாதக்கணக்கில் விடாதீர்கள். சில்லுக்குக் கல் வையுங்கள். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

1990களில் வடக்கில் எரிபொருள் தடை இருந்த காலத்தில், மொறிஸ், ஒஸ்ரின் கார்களைச் சிறிது பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினோம். இயந்திரம் அதைப் பொறுத்துக்கொண்டது. பிறேக் பொறுக்காது. பிறேக் ஒயிலுக்குப் பதிலாக இயந்திர ஒயிலை விட்டால் உள்ளிருக்கும் றப்பர் ஊதி, பிறேக் விடாமல் பிடிக்கும்.

மேலும் மூன்று எச்சரிக்கைகள். லைனரை ஒரு சில்லுக்கு மட்டும் மாற்றாதீர்கள், அதே அச்சின் இரு சில்லுக்கும் சேர்த்து மாற்றுங்கள். ஒயில் ஊறிய லைனரைக் கழுவிப் போடாதீர்கள். ஒயில் கசிந்த இடத்தைத் திருத்திவிட்டுப் புதிது போடுங்கள். ட்றம்மிலுள்ள தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் உண்டு, அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடையுங்கள்.

சிலிண்டரைத் திறப்பதும் குழாய் மாற்றுவதும் அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலை. ஆனால் இச்சோதனைகளைச் செய்துவிட்டுப் போனால், "லைனர் போட்டுத் தாங்கோ" என்று கேட்க மாட்டோம். "வலது சில்லு பிடிக்கவில்லை, ஏன் என்று பாருங்கோ" என்று கேட்போம். விதைநெல்லுக்கு வைத்த பணம் வீட்டிலிருக்கும்.

கூடிப் பேசுவோம்

• உங்கள் ஊரில் ஓடும் வாகனங்களில் எவை பிறேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கின்றன?
• கடைசியாக லைனர் மாற்றியபோது கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கிப் பார்த்தீர்களா?
• ஜக், மரக்குற்றி, சாவிகள் ஆகியவற்றை நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கிப் பொதுவில் வைக்க முடியுமா?