கை நனைகிற வேலைக்கு ஒரு வாட்ச்

ஸ்மார்ட்வாட்ச் வாங்கப் போகிறேன், எது நல்லது என்று ஊரில் யாராவது கேட்டால் பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: கை நனைகிற வேலையா, நனையாத வேலையா? எங்கள் கடற்கரை ஊரான உவரியில் பாதிப் பேருக்கு நனைகிற வேலை. வலை இழுக்கிற கை, மீன் பிரிக்கிற கை, ஐஸ் அள்ளிப் போடுகிற கை. தொடுதிரை என்கிற சங்கதி ஈரக் கையைக் கண்டால் முரண்டு பிடிக்கும். செதில் ஒட்டிய விரலால் திரையைத் தேய்த்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இது எனக்குப் புரிந்தது பழைய பெப்பிள் வாட்ச் ஒன்றைக் கட்டித் திரிந்த காலத்தில். கப்பல் வேலையில் இருக்கும் மச்சான் 2014-இல் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. இப்போது இந்தியாவில் அதே பெயரில் விற்பவை வேறு கம்பெனியின் வாட்சுகள். அவற்றோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது எரிக் மிகிகோவ்ஸ்கி தொடங்கிய அமெரிக்கக் கம்பெனியின் வாட்ச். 2012-இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடமே முன்பணம் திரட்டினார்கள். ஒரு லட்சம் டாலர் கேட்ட இடத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் வந்து குவிந்தது. கொடுத்தவர்கள் ஏறத்தாழ 69,000 பேர். 2013 தொடக்கத்தில் வாட்ச் ஆட்களிடம் போய்ச் சேர ஆரம்பித்தது. சாம்சங்கின் கேலக்ஸி கியர் வந்தது அந்த வருடம் செப்டம்பரில்தான். ஆப்பிள் வாட்ச் 2015 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது.

“ஏலே, இது வாட்சா, கால்குலேட்டரா?” என்று கேட்டார் சித்தப்பா. கேட்டதில் தப்பில்லை. கறுப்பு வெள்ளைத் திரை, இடப்பக்கம் ஒரு பட்டன், வலப்பக்கம் மூன்று. அழகு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த நாலு பட்டனும்தான் வள்ளத்தில் அதன் பெரிய பலம். கையுறை போட்டிருந்தாலும் சரி, கை முழுக்கச் சாளைச் செதில் அப்பியிருந்தாலும் சரி, அமுக்கினால் வேலை நடக்கும். பார்க்காமலே அமுக்கலாம். மேல் பட்டன், நடுப் பட்டன், கீழ்ப் பட்டன் என்று விரலே பழகிவிடும்.

அடுத்தது திரை. இ-பேப்பர் என்று விளம்பரம் செய்தார்கள். உண்மையில் அது வெளியிலிருந்து விழுகிற வெளிச்சத்தையே திருப்பிக் காட்டுகிற ஒருவகை எல்சிடி. மத்தியான வெயில் கடல்மேல் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும்போது போன் திரையில் நம் முகம் மட்டும்தான் தெரியும். இந்த வாட்சில் எழுத்து இன்னும் தெளிவாகத் தெரியும். எப்போதும் எரிகிற திரை இல்லை என்பதால் சார்ஜும் நின்றது. ஏழு நாள் என்றது கம்பெனி. எனக்கு ஐந்து நாள் குறையாமல் வந்தது. கேலக்ஸி கியரை அன்றாடம் சார்ஜ் போட வேண்டியிருந்த காலம் அது. மின்வெட்டை இன்னும் மறக்காத ஊருக்கு ஐந்து நாள் என்பது பெரிய சங்கதி.

இதையெல்லாம்விட வீட்டுக்காரிக்குப் பிடித்தது அலாரம். ராத்திரி ரெண்டு மணிக்குக் கடலுக்குப் போகிறவன் வைக்கிற அலாரத்துக்குப் பிள்ளைகளும் எழுந்துகொள்வது மீனவர் வீடுகளில் தினம் நடக்கிற தொல்லை. இந்த வாட்ச் மணிக்கட்டில் மட்டும் அதிரும். சத்தமே கிடையாது. நான் எழுந்து போனதே தெரியாமல் வீடு தூங்கும். கரையில் ஏலம் நடக்கும்போதும் இதே அதிர்வு கைகொடுத்தது. ஏலம் கூறுகிறவர் குரல், அலை, லாரி ஹாரன், இதற்கு நடுவே சட்டைப் பையில் போன் அடித்தால் யாருக்குக் கேட்கிறது? நாகர்கோவில் வியாபாரி கூப்பிடுகிறார் என்பது கையில் தெரிந்துவிடும். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலில் பூசைக்கு நிற்கும்போது, வந்தது அவசரச் செய்தியா, சும்மா பார்வர்டா என்று போனை எடுக்காமலே பார்த்துக்கொள்ளலாம். (சாமியார் பார்த்தால் மணி பார்க்கிறான் என்று நினைப்பார். அது வேறு பிரச்சினை.)

ஆனால் இதே அதிர்வு வள்ளத்தில் ஏறியதும் செத்துப்போகும். அவுட்போர்டு எஞ்சின் ஓடும்போது பைபர் பலகை, உட்கார்ந்திருக்கிற உடம்பு, பல் எல்லாமே அதிர்கிறது. அதில் வாட்சின் அதிர்வு எங்கே தெரியும்? எஞ்சினை நிறுத்தி, வலையை விட்டுவிட்டுக் காத்துக் கிடக்கும் நேரத்தில்தான் அதற்கு உயிர் வரும். எந்த வாட்சானாலும் இதுதான் நிலை. கடலில் முக்கியமான அழைப்பை வாட்ச் சொல்லும் என்று நம்பி இருக்க வேண்டாம். எஞ்சின் நிறுத்துகிறபோதெல்லாம் ஒருமுறை திரையைப் பாருங்கள்.

படகில் போனை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், வைத்துவிடுவோம். வாட்சுக்கும் போனுக்கும் இடையில் புளூடூத். திறந்த வெளியில் ஒரு பைபர் படகின் நீளத்துக்கு அது எட்டும். டப்பாவைத் தூக்கி ஐஸ் பெட்டிக்குக் கீழே வைத்துவிட்டால் எட்டாது, தண்ணீரும் ஐசும் அந்த அலையைக் குடித்துவிடும். டப்பாவை உயரத்தில் வையுங்கள்.

அதற்கும் மேலே ஒரு சங்கிலி இருக்கிறது. வாட்ச் போனை நம்பியிருக்கிறது, போன் கரையிலுள்ள டவரை நம்பியிருக்கிறது. டவர் எட்டாத ஆழத்துக்குப் போனபின் கையில் கிடப்பது வெறும் மணி காட்டுகிற வாட்ச். அந்த முதல் பெப்பிளில் ஜிபிஎஸ் கிடையாது. பார் (கடலடிப் பாறை) எங்கே இருக்கிறது என்று அறிய படகில் தனி ஜிபிஎஸ் கருவிதான் வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக்கடலைப் புரட்டிப் போட்டபோது ஆழ்கடலில் இருந்தவர்களிடமும் போன் இருந்தது. செய்திதான் போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகு, 2019-இல், ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் ஜெமினி என்ற சிறு பெட்டியைக் கொண்டுவந்தது. ககன் அமைப்பின் செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை அந்தப் பெட்டி வாங்கி, புளூடூத்தில் போனுக்குக் கொடுக்கும். டவர் வேண்டாம். வாட்சில் புயல் எச்சரிக்கை வரும் என்று சொல்லி விற்கிறவர்கள், அந்தச் செய்தி கடலுக்குள் எந்த வழியாக வரும் என்பதைச் சொல்வதில்லை. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

தமிழ் இன்னொரு தகராறு. முதல் பெப்பிளின் எழுத்துக் கோப்பில் தமிழ் இல்லை. தமிழில் வரும் செய்தியெல்லாம் கட்டம் கட்டமாக வரிசையில் நிற்கும். அனுப்பியவர் பெயர் ஆங்கிலத்தில் இருப்பதால் யார் என்று தெரியும், என்ன என்று தெரியாது. நாங்கள் கண்ட வழி, அவசரத்துக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பது. “meen vilai” என்று வருவதை “மீன் விலை” என்று படிக்க எவனுக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இப்போதைய வாட்சுகளில் பெரும்பாலும் தமிழ் தெரிகிறது. இருந்தாலும் வாங்குமுன் கடையிலேயே ஒரு தமிழ்ச் செய்தியை அனுப்பச் சொல்லிப் பாருங்கள். “கொ”, “ஸ்ரீ”, “நௌ” போன்றவை உடைந்து வருகிற வாட்சுகளைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கடற்கரைக்கே உரிய தொல்லை மணல். உவரியிலிருந்து கூடங்குளம் பக்கம் வரை கரையில் கறுப்பும் சிவப்புமாக மணல் கிடக்கும். சிவப்பு, கார்னெட். கறுப்பு, இல்மனைட். 2013-இல் அரசு தாதுமணல் அள்ளுவதைத் தடை செய்ததெல்லாம் இந்த மணலுக்காகத்தான். இதில் கறுப்பு மணல் காந்தத்தில் ஒட்டும். பெப்பிளின் சார்ஜர் கம்பியோ காந்தத்தால் வாட்சில் ஒட்டிக்கொள்கிற வகை. கம்பியைத் திண்ணையில் போட்டு மறந்தால், மறுநாள் காலையில் அதன் முனையில் பூனை மீசைபோலக் கறுப்பு மணல் குத்திட்டு நிற்கும். விரலால் தட்டினால் போகாது. செல்லோ டேப்பை ஒட்டி உரிக்க வேண்டும். ஒரே தடவையில் வந்துவிடும். இன்றைய வாட்சுகளில் பாதிக்கு மேல் காந்தச் சார்ஜர்தான். கடற்கரையில் குடியிருப்பவர்கள் அந்தக் கம்பியை மூடி போட்ட டப்பாவில் வைப்பது நல்லது.

உப்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த வாட்சுக்கு 50 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்கும் என்று சான்று. அதில் பொய்யில்லை, உள்ளே தண்ணீர் போகவே இல்லை. பாதிக்கப்பட்டது வெளியே சார்ஜ் ஏறுகிற உலோகப் புள்ளிகள். உவரிக் காற்றில் ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேஸ் அடுப்பு எல்லாம் துருவேறும்போது அந்தப் புள்ளிகள் மட்டும் எப்படித் தப்பும்? பச்சை பூக்க ஆரம்பித்தது. ஈரப்புள்ளியில் மின்சாரம் பாய்ந்தால் அரிப்பு வேகமாகும் என்று தூத்துக்குடியில் செல்போன் பழுதுபார்க்கும் தம்பி ஒருவர் விளக்கினார். அப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, பனியனில் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின்தான் சார்ஜ். பழைய பல் பிரஷ் ஒன்று இதற்கென்றே குளியலறையில் கிடக்கும். வார் சாதாரண 22 மில்லிமீட்டர் அளவு என்பது ஒரு சௌகரியம். ரப்பர் வாரின் அடியில் உப்பு தங்கி மணிக்கட்டில் புண் வரும். திருநெல்வேலி ஜங்ஷன் கடையில் நைலான் வார் வாங்கி மாட்டிக்கொண்டேன். தனக்கே உரிய வார் வைத்திருக்கிற வாட்சை நான் இன்றும் வாங்கமாட்டேன்.

அடி எண்ணுகிற செயலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கச்சான் காற்றில் வள்ளம் ஆடுகிற ஆட்டத்துக்கு, சும்மா உட்கார்ந்திருந்தவனை மைல் கணக்கில் நடந்ததாகக் காட்டும். இடுப்பொடிய வலை இழுத்த நேரத்தை ஓய்வாகக் கணக்கிடும். சித்தப்பாவுக்கு அந்தப் பகுதிதான் ரொம்பப் பிடித்தது.

பெரிய பலவீனம் வேறு இடத்திலிருந்து வந்தது. 2016-இல் பெப்பிள் அமேசான் வழியாக முறைப்படி இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அந்த டிசம்பரிலேயே கம்பெனி மூடப்பட்டு, சொத்தில் ஒரு பகுதி பிட்பிட் கம்பெனிக்குப் போனது. 2018 ஜூனில் சர்வர்களையும் நிறுத்தினார்கள். வாட்ச் ஓடும், மணி காட்டும். புதிய முகப்போ செயலியோ இறக்க அந்த வழி இல்லை. ரெபிள் என்ற பெயரில் தன்னார்வலர்கள் சேர்ந்து அந்த வேலையைத் தங்கள் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டதால்தான் உலகமெங்கும் பழைய பெப்பிள்கள் குப்பைக்குப் போகாமல் தப்பின. பிட்பிட்டை வாங்கிய கூகுள் 2025 ஜனவரியில் பெப்பிளின் மூலநிரலைப் பொதுவில் திறந்துவிட்டது. மிகிகோவ்ஸ்கியும் மறுபடி அதே பாணியில் வாட்ச் செய்ய இறங்கியிருக்கிறார்.

ஆகவே பழைய பெப்பிள் யாராவது விற்கிறார்கள் என்றால், ஊர்ப் பையன்களிடம் நான் சொல்வது இது. சார்ஜர் கம்பியோடு வாங்கு, தனியாகக் கிடைப்பது பாடு. சார்ஜ் புள்ளிகளை வெளிச்சத்தில் வைத்துப் பார், குழி விழுந்திருந்தால் விட்டுவிடு. உன் இப்போதைய போனோடு சேருகிறதா என்று காசு கொடுக்குமுன் இணைத்துப் பார். நாலு பட்டனையும் அமுக்கு. உள்ளே போன பட்டன் தானாக வெளியே வர வேண்டும். புது வாட்ச்தான் வேண்டும் என்கிறவர்களுக்கும் கடைசிச் சோதனை ஒன்று உண்டு: கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, விரலை நனைத்துக்கொண்டு, வருகிற அழைப்பை வாட்சிலேயே நிறுத்திப் பார்க்கவும்.