படியெடுத்தலும் மொழிபெயர்த்தலும்

வழிநூலின் வகை நான்கனுள் மொழிபெயர்த்தலையும் ஒன்றாகத் தொல்காப்பியர் எண்ணினார். அச்சொல்லையே இன்று உயிர்நூலாரும் ஆள்கின்றனர். டி.என்.ஏ.யில் பொதிந்த செய்தியை ஆர்.என்.ஏ.யாக எழுதுவது படியெடுத்தல். அதனைப் படித்துப் புரதம் தொடுப்பது மொழிபெயர்த்தல். முன்னதைச் செய்வது பாலிமரேஸ் என்னும் நொதி; பின்னதைச் செய்வது ரைபோசோம். தமிழ் பயிலும் யான் இத்துறையை எட்டிப் பார்த்ததற்கு இப்பெயர்களே காரணம் என்பதை மறையாது கூறுவேன்.

நம் உடலின் உயிரணுக்களில் இவ்விரு தொழில்களும் வேறு வேறிடத்து நிகழ்வன. உட்கருவினுள் எழுதப்பெற்ற படி, செப்பமுற்று வெளிப்போந்த பின்னரே படிக்கப்பெறும். பாக்டீரியாவிற்கோ உட்கருச் சுவர் இல்லை. ஆதலின் படி முற்றுப்பெறுமுன்னரே ரைபோசோம்கள் அதன் தொடக்கத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்குகின்றன. 1970-ஆம் ஆண்டில் ஆஸ்கர் மில்லரும் அவர்தம் துணைவரும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் எடுத்த படங்களில், டி.என்.ஏ. இழையினின்று கிளைத்த ஆர்.என்.ஏ.க்களில் ரைபோசோம்கள் கோத்த மணிகள்போல் நின்றன.

எஷரிக்கியா கோலை என்னும் குடல்வாழ் பாக்டீரியா விரைந்து வளருங்கால், பாலிமரேஸ் நொடிக்கு ஏறத்தாழ 45 எழுத்துக்களை எழுதும். ரைபோசோம் ஏறத்தாழ 15 அமினோ அமிலங்களைத் தொடுக்கும். ஓர் அமிலத்திற்கு மூன்றெழுத்து ஆதலின் இரண்டும் ஒரே நடையாம். இது தற்செயலன்று. தயங்கும் பாலிமரேஸைப் பின்வரும் ரைபோசோம் முன்தள்ளுகிறது என்பது 2010-இல் புலனாயிற்று.

இவ்வொத்தியக்கத்தின் பயனை டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலத்தின் வரலாற்றிற் காணலாம். அதனை ஆராய்ந்து வெளிப்படுத்தியவர் சார்லஸ் யனாஃப்ஸ்கி. அவ்வமிலத்தை ஆக்குதற்குரிய ஐந்து ஜீன்களுக்கு முன்னே, நூன்முகத்துப் பாயிரம்போல, 14 அமிலங்களுக்குரிய சிறுபகுதி ஒன்றுண்டு. அதில் டிரிப்டோஃபானைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல் அடுத்தடுத்து இருமுறை வருகிறது. பாலிமரேஸ் பாயிரத்தை எழுதிச் சிறிது அப்பாற் சென்று, ரைபோசோம் நெருங்குமளவும் காத்து நிற்கும். டிரிப்டோஃபான் மிக்கிருப்பின் ரைபோசோம் அவ்விரு சொற்களையும் தடையின்றிக் கடக்கும். அப்போது அப்பாலுள்ள ஆர்.என்.ஏ. கொண்டையூசிபோல் மடிந்து பாலிமரேஸை விலகச் செய்யும். உள்ள பொருளை மீண்டும் ஆக்குவானேன்? குறைந்திருப்பின், அதனைக் கொணர்வார் இன்றி ரைபோசோம் அவ்விடத்தே நின்றுவிடும். அந்நிலையில் ஆர்.என்.ஏ. வேறொரு வகையாய் மடிந்து, நிறுத்தும் மடிப்பை உருவாகவொட்டாது தடுக்கும். பாலிமரேஸ் ஐந்து ஜீன்களையும் எழுதி முடிக்கும். படிப்போனின் தடுமாற்றமே எழுதுவோனுக்கு ஆணையாகின்றது. இதனினும் வியத்தகு சிக்கனத்தை யான் அறியேன்.

எனினும் ஓருயிரிற் கண்டதனைப் பாக்டீரியா அனைத்திற்கும் விதியாக்கியது அவசரமே. மண்ணில் வாழும் பாசில்லஸ் சப்டிலிஸில் பாலிமரேஸ், ரைபோசோமை நெடுந்தொலைவு பின்னிறுத்தித் தனித்தோடுகிறது என 2020-இல் காட்டினர். பின்தங்கிய ரைபோசோம் அங்கே எழுதுவோனுக்கு எவ்வாறு அறிவுறுத்தும்? டிரிப்டோஃபானின் மிகுதியை அவ்வுயிரில் உணர்வது ட்ராப் என்னும் தனிப்புரதம். அப்புரதம் டிரிப்டோஃபானை ஏற்றுப் பாயிரத்து ஆர்.என்.ஏ.யைத் தன்மேற் சுற்றிக்கொள்ள, பாலிமரேஸ் அவ்வளவில் நின்றுவிடுகிறது.