பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை? – ஆய்வின் முதற் பாடம்

“பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை.” இடம்பெயர்ந்தோரைப் பற்றி இப்படிச் சொல்வது எளிது. இது அபிப்பிராயமே, ஆய்வின் முடிவு அல்ல. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபோது, தப்பியோர் பாடசாலைகளிலேயே தஞ்சமடைந்தனர். வகுப்பறையே முகாமானால் குற்றம் பெற்றோருடையதா?

அதே பதுளை மாவட்டத்தில், ஹாலிஎலப் பகுதியில் வாழும் நாமும் உண்மைக் காரணத்தைத் தேடலாம். அதற்குப் பட்டம் தேவையில்லை, ஒழுங்கு தேவை.

1. வினாவைச் சுருக்குவோம். “கல்வி ஏன் பின்தங்கியது?” என்பது மிகப் பெரிது. “எத்தனை பிள்ளைகள், எந்த நாட்களில் வருவதில்லை?” என்று கேட்போம்.

2. எண்ணுவோம். அதிபரின் அனுமதியோடு மூன்று மாத வரவு இடாப்பைப் பார்ப்போம்.

3. வராதவரையும் கேட்போம். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்களை மட்டும் கேட்டால், வரமுடியாதவரின் காரணம் தெரியாமலே போகும். மாதிரியில் நேரும் பெரும் பிழை இது.

4. ஒப்பிடுவோம். மழை நாளில் வரவு குறைகிறதா? நல்ல பாதையுள்ள பிள்ளைகளும் அன்று வரவில்லையா? அவர்கள் வந்திருந்தால், பாதையே காரணமாக இருக்கலாம்.

5. பிள்ளைகளின் பெயரை வெளியிடோம். கண்டதை முதலில் சொன்னவர்களிடமே வாசித்துக் காட்டித் திருத்துவோம்.

5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது 2016 முதல் நாட்டின் விதி. ஆகவே நம் கணக்கை வலயக் கல்வி அலுவலகத்தில் துணிந்து கொடுக்கலாம். முறைப்பாட்டைத் தட்டிக் கழிக்கலாம். எண்ணிக் காட்டியதைத் தட்டிக் கழிப்பது கடினம்.