இணையக் குழுவில் வருமானம் பெறுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "சார், இன்டர்நெட்டில் பணம் சம்பாதிக்க முடியுமா?" என்பதுதான். முடியும். சமையல், மாடித் தோட்டம், போட்டித் தேர்வு என ஏதாவது ஒன்றில் ஆர்வம் உள்ளவர்களைச் சேர்த்து இணையத்தில் குழு நடத்துவது அதற்கு ஒரு வழி. அதில் வருமானம் வரும் வழிகளையும், நான் செய்த தவறு ஒன்றையும் இங்கு பார்ப்போம்.

1. விளம்பரம்: உங்கள் குழுவுக்குப் பொருந்தும் கடை அல்லது நிறுவனத்திடம் கட்டணம் பெற்று, அதன் அறிவிப்பை வெளியிடலாம். எளிய வழி இது. ஆபத்து அதிகம் உள்ளதும் இதுதான். பணம் பெற்று வெளியிடுவதை 'விளம்பரம்' என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இதையே சொல்கின்றன.

2. பரிந்துரைக் கமிஷன்: நீங்கள் தரும் இணைப்பில் கிளிக் செய்து ஒருவர் பொருள் வாங்கினால், விற்பனைத் தளம் உங்களுக்குச் சிறு பங்கு தரும். அமேசான் இத்திட்டத்தை 1996லேயே தொடங்கியது. நீங்களே பயன்படுத்திப் பார்த்த பொருளை மட்டும் பரிந்துரை செய்யுங்கள். கமிஷன் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

3. கட்டணம்: மெட்டாஃபில்டர் என்ற அமெரிக்க இணையக் குழு, 2004ல் புதிய உறுப்பினர்களிடம் ஒருமுறை மட்டும் 5 டாலர் பெறத் தொடங்கியது. தொகை சிறியதுதான். ஆனால் தொல்லை தரும் நோக்கத்துடன் வருபவர்களை அதுவே தடுக்கும்.

4. நன்கொடை: விக்கிப்பீடியாவில் விளம்பரம் இல்லை, நன்கொடையில்தான் நடக்கிறது. 2002ல் விளம்பரம் வரக்கூடும் என்ற பேச்சு எழுந்ததுமே, ஸ்பானிய விக்கிப்பீடியாவில் எழுதியவர்களில் பலர் பிரிந்து சென்று தனிக் கலைக்களஞ்சியம் தொடங்கினர். உறுப்பினரைக் கேட்காமல் எடுக்கும் முடிவு எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு இது ஒரு பாடம்.

5. வேலைவாய்ப்பு அறிவிப்பு, பயிற்சி: புரோகிராமர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008ல் தொடங்கியது. ஆள் தேடும் நிறுவனங்களிடம் அறிவிப்புக் கட்டணம் பெற்றுப் பல ஆண்டுகள் சம்பாதித்தது. சிறிய குழுவில் கட்டண வகுப்பும் நடத்தலாம்.

இனி என் கதை. 2020 ஊரடங்கின்போது, பழைய கம்ப்யூட்டர்களைச் சரி செய்வது பற்றி டெலிகிராமில் ஒரு குழு தொடங்கினேன். இரண்டு ஆண்டுகளில் சுமார் 900 பேர் சேர்ந்தனர். 2022ல் ஒருவர், 'ஐந்து நிமிடத்தில் கடன்' தரும் ஆப் ஒன்றை அறிமுகம் செய்தால் 3,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். எதையும் விசாரிக்காமல் வெளியிட்டேன். விளம்பரம் என்றும் குறிப்பிடவில்லை.

இரண்டு வாரம் கழித்து, வயதில் மூத்த உறுப்பினர் ஒருவர் போன் செய்தார். "தம்பி, நீங்க போட்டிருந்தீங்களேன்னு நம்பித்தான் வாங்கினேன்" என்றார். 5,000 ரூபாய் கடனுக்காக, அவர் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் மிரட்டல் அழைப்புகள் போயிருந்தன. இருவரும் சேர்ந்து சைபர் குற்ற உதவி எண் 1930ல் புகார் செய்தோம். விளம்பரத்தை நீக்கி, குழுவில் மன்னிப்புக் கேட்டேன். வாங்கிய 3,000 ரூபாயை அவரிடமே கொடுத்தேன். அறுபது பேருக்கு மேல் விலகினர். அவர் விலகவில்லை. ஆனால் அதற்குப் பின் குழுவில் ஒரு கேள்விகூட அவர் கேட்டதில்லை.

குழுவில் விற்பனைக்கு வருவது உறுப்பினர்கள் நம் மேல் வைத்திருக்கும் நம்பிக்கைதான் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. பெரிய தளங்களுக்கும் இது பொருந்தும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. ஊதியமின்றிப் பதில் எழுதியவர்களில் சிலர் கோபம் கொண்டு, தங்கள் பதில்களை அழிக்க முயன்றனர்.

எனவே குழு தொடங்கியதும் பணத்தைப் பற்றி நினைக்க வேண்டாம். முதல் ஓராண்டு கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் கொடுங்கள். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் குழுவில் அறிவித்துக் கருத்துக் கேளுங்கள். கடன், முதலீடு, சூதாட்ட விளம்பரங்கள் வேண்டவே வேண்டாம். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இந்த வருமானத்தையும் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.

இப்போது என் குழுவில் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரக் கட்டண வகுப்பு நடக்கிறது. பெரிய தொகை ஒன்றும் இல்லை. இன்டர்நெட் கட்டணமும் உதிரி பாகச் செலவும் போக ஓரளவு மிஞ்சுகிறது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டாலும், தயங்காமல் பதில் சொல்ல முடிகிறது.