தேய்ந்த காசை விளக்கிவிடாதீர்கள்

செவிலிமேட்டு நெசவாளர் ஒருவர் கேட்கிறார்: "பாலாற்று மணலில் எடுத்தது என்று ஒருவர் ரோமானிய வெள்ளிக்காசு கொண்டுவருகிறார். அபூர்வமான ரகம் என்கிறார். சேகரிக்க ஆசை. வாங்கலாமா?"

வேண்டாம். மணலில் எடுத்தது நிஜமானால் அதை அவர் விற்கவே கூடாது. மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். ஆற்றுக்கதை பொய்யானால், பெரும்பாலும் காசும் பொய்தான். தொல்பொருள் வியாபாரத்துக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவரிடம், ரசீதோடு வாங்குங்கள். முன்பு யார் கையில் இருந்தது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி அபூர்வம் என்ற சொல்லுக்கு வருவோம். ரோமானிய வெள்ளிக்காசுக்கு தினாரியஸ் என்று பெயர். நம் மாநிலத்தில் அது அதிகம் கிடைத்தது கொங்கு நாட்டில்: வெள்ளலூர், கரூர், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துப் பூதிநத்தம். வெள்ளலூரில் 1842இல் கிடைத்த புதையலில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட காசுகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய இரண்டே பேரரசர்களுடையவை. கி.பி. 64இல் நீரோ காசின் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்துவிட்டார். அதனால் நம்மூர் வியாபாரத்துக்குப் பழைய காசையே பொறுக்கி அனுப்பினார்கள் என்பது ஆய்வாளர்கள் பலர் சொல்லும் காரணம். கலப்பட ஜரிகையைத் தொடாத உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, இரண்டு இளவரசர்கள் கேடயமும் ஈட்டியுமாக நிற்கும் அகஸ்டஸ் காசும், நாற்காலியில் ஒரு பெண் அமர்ந்திருக்கும் திபேரியஸ் காசும் இங்கே சர்வசாதாரணம். இரண்டாயிரம் வருடப் பழமை என்பதற்காக மட்டும் யாரும் கூடுதல் விலை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ருசியே இந்தச் சாதாரணத்துக்குள் இருக்கும் வித்தியாசங்களில்தான். இளவரசர்களின் தலைக்கு மேல் பூசைக் கரண்டியும் வளைந்த கோலும் இருக்கும். எது இடம், எது வலம் என்பது காசுக்குக் காசு மாறும். சிலவற்றில் கீழே எக்ஸ் போன்ற ஒரு குறி இருக்கும். திபேரியஸ் காசில் நாற்காலிக் கால் வெறுமையா, கடைசல் வேலைப்பாடா, அடியில் ஒரு கோடா மூன்று கோடுகளா என்று பாருங்கள். அதே பேரரசர் நான்கு குதிரைத் தேரில் வரும் காசு இந்தப் பெண் உருவத்தைவிட அரிது. எழுத்து தாறுமாறாக இருந்தால் உடனே தள்ளிவிடாதீர்கள். ரோமானியக் காசைப் பார்த்து அந்தக் காலத்திலேயே இந்தியாவில் அடித்த நகல்களும் உண்டு. எனக்கு அவைதான் பிடித்தவை.

போலியைக் கண்டுபிடிக்க முதலில் தராசு உதவும். நீரோவின் மாற்றத்துக்கு முந்தைய காசு தேயாதிருந்தால் 3.9 கிராமுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். மிகவும் குறைந்தால் சந்தேகப்படுங்கள். விளிம்பைச் சுற்றி ஒட்டு போட்டதுபோல் கோடு தெரிந்தால் அது வார்ப்பு. அசல் காசு அச்சால் அடித்தது. இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே பள்ளம் இருந்தால் இரண்டும் ஒரே அச்சுவார்ப்பில் பிறந்தவை. உள்ளே செம்பும் மேலே வெள்ளித் தகடுமான பழங்காலக் கள்ளக்காசும் உண்டு. அதையும் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அசல் விலைக்கு அல்ல.

ஜரிகையைச் சுரண்டிச் சிவப்புப் பட்டிழையைப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள். உரைகல்லும் வேண்டாம். புளி, எலுமிச்சை, விபூதி எதுவும் போட்டு விளக்க வேண்டாம். காசின் மேல் படிந்திருக்கும் கறுப்பு அழுக்கல்ல, காலம் போட்ட உறை. அது போனால் விலையும் போகும், நுண்ணிய கோடுகளும் போகும். விளிம்பைப் பிடித்துத் தூக்கி, காகித உறையில் தனித்தனியாக வையுங்கள். பிவிசி உறை வெள்ளிக்கு ஆகாது.

முதல் ஆறு மாதம் ஒரு காசும் வாங்காமல் கண்ணைப் பழக்குங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயக் கூடத்துக்கு ஒரு நாள் முழுக்க ஒதுக்கிப் போய் வாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் கிளம்பாதீர்கள், அன்று அங்கே விடுமுறை.