தென்னை ஏறுங் கருவியும் கயிற்றின் அளவும்

இரணைமடுக் குளத்தின் கீழ் நெல்லும் மரக்கறியும் செய்யும் கமக்காரரின் வளவுகளில் தென்னையும் உண்டு. மரமேறுவோர் கிடையாதபோது கருவிகொண்டு தாமே ஏற விரும்புவோர் பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

பனையேறுவோரின் தளைநார் பாதத்துக்கு அளவானது. கருவியின் கம்பிக்கயிறோ மரத்தின் சுற்றளவுக்கு அளவாயிருத்தல் வேண்டும். கேரளத்துச் செம்பேரிக் கருவி போன்றவற்றில், மிதிக்கும்போது கயிறு இறுகி மரத்தைப் பற்றும். பாதத்தை உயர்த்தும்போது தளர்ந்து மேலேறும். மிக இறுக்கமாயின் நகராது. மிகத் தளர்வாயின் பற்றாது.

1. ஒவ்வொரு மரத்துக்கும் இரு கயிறுகளையும் புதிதாக அளந்து பொருத்துக.

2. 2 அடி உயரத்தில் நின்று, ஒவ்வொரு காலிலும் முழுப் பாரத்தையும் வைத்துச் சோதிக்குக.

3. மரம் மேலே சிறுத்தால் கயிறு தளரும். மிதிசட்டம் கீழ்நோக்கிச் சாயத் தொடங்கின், மேலும் ஏறாது இறங்கிக் கயிற்றைக் குறுக்குக.

4. இழை அறுந்த, துருவேறிய கம்பிக்கயிற்றை நீக்குக. அதற்குப் பதிலாகத் தும்புக்கயிறோ நைலான் கயிறோ கட்டலாகாது.

5. இடுப்புப்பட்டியின் காவற்கயிறு மரத்தையே சுற்றியிருத்தல் வேண்டும். அதனைக் கருவியிற் கட்டின், கருவி வழுக்கும்போது ஆளும் விழுவார்.

மாரியில் நனைந்த மரத்தில் ஏறற்க. தேங்காயை நாளையும் பறிக்கலாம். காலபோகத்தில் விழுந்து படுத்தவரின் வயலை யார் பார்ப்பது?